தப்பி வந்த தாயை எழுதும்போது

அடிமை வாழ்விலிருந்து தப்பிய தாயைக் கதையில் எழுதப் போகிறீர்களா? என் பட்டறைக்கு வருபவர்களை முதலில் மார்கரெட் கார்னர் வழக்கைப் படிக்கச் சொல்வேன். 1856 ஜனவரியில், அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த கென்டக்கி மாநிலத்திலிருந்து, உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து, அடிமைமுறை இல்லாத அக்கரையிலிருந்த சின்சினாட்டி நகருக்கு ஓடியவர். பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்ததும் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றார். கொலை வழக்கென்றால் அவரை மனுஷியாக ஏற்க வேண்டும். தப்பியோடிய அடிமைகளை எஜமானிடமே ஒப்படைக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டமோ அவரை உடைமையாகவே திருப்பி அனுப்பியது.

இப்படிப்பட்டவளை அழவைத்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள், எனக்கு அது பொறுக்காது. "செய்தது சரிதான்" என்று வாதாடட்டும். உடம்பு வேறு சொல்லும்: குளம்புச் சத்தம் கேட்டால் கை தானாகப் பிள்ளையைத் தேடும். நினைவு துண்டு துண்டாக, அடுப்படியில், தலை வாரும்போது வரட்டும். எஜமானின் குற்றத்தை வேறொரு பாத்திரம் உரக்கச் சொல்லட்டும். அவளாகச் சொல்ல மாட்டாள்.