பூ ஜாடி வரையப் போறீங்களா? மேசைக் கோடு வேண்டாம்

பூ ஜாடி வரைய உட்கார்ந்ததும் பலர் முதலில் மேசைக்கு ஒரு கோடு போடுவார்கள். போடாதீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோன் 1900-ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும் வரைந்த பூக்கள் பலவற்றில் மேசையே தெரியாது, ஜாடி நிறத்துக்குள் மிதக்கும். ஐம்பது வயதுவரை பெரும்பாலும் கரியிலும் லித்தோகிராஃபிலும் (கல்லில் வரைந்து அச்செடுப்பது) கறுப்பாகவே வரைந்த மனிதர், 1901-இல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்துக்குப் பேஸ்டலில் (நிறப்பொடிக் குச்சி) ஒரு பூங்கொத்து செய்தார், இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாமும் பேஸ்டலில்தான் வரையப்போகிறோம், ஆனால் நமக்கு ஒரு முழக் காகிதம் போதும்.

சரி, பூ. புதுச்சேரி குபேர் மார்க்கெட்டில் சாமந்தியைக் காம்போடு கேட்டேன். "காம்ப வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற தம்பி?" என்றார் பூக்கார அம்மா. அங்கே உதிரி எடைக்கு, சரம் முழத்துக்கு, அவ்வளவுதான். செம்பருத்தி மாலைக்குள் சுருண்டுவிடும். தெரிந்தவர் வீட்டு மதிலில் தொங்கும் காகிதப்பூவில் ரெண்டு கொத்து கேட்டு வாங்குங்கள், வில்லியனூர் சுடுமண் ஜாடி ஒன்றில் செருகுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளின் ஆயில் பேஸ்டல் இதற்கு ஆகாது, பொடியாக உதிரும் சாஃப்ட் பேஸ்டல் வேண்டும். காகிதம் சொரசொரப்பாக, கொஞ்சம் நிறத்தோடு இருக்கட்டும். அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதம் நல்ல பிடிப்பு. முதலில் பின்னணி: சாம்பல் நீலத்தைக் குச்சியின் பக்கவாட்டில் இழுத்து விரலால் தேயுங்கள். ஜாடியும் அப்படியே மங்கலாக. அப்புறம் கொத்துக்குள் இருட்டான இடங்கள். இதழ் இதழாக வரையவே கூடாது, ஓர் அங்குலத் துண்டை உடைத்து, படுக்கவைத்து அழுத்தி லேசாகத் திருப்பினால் ஒரு காகிதப்பூ வந்துவிடும், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி (உண்மையான பூ அதுதான், சுற்றி நிறமாக இருப்பது இலை). கடைசியில் வைக்கும் நாலைந்து பளிச் நிறங்களை மட்டும் தேய்க்காதீர்கள், மங்கலான பின்னணிக்குப் பக்கத்தில் அவைதான் எரியும்.

உதிர்ந்த பொடியை வாயால் ஊதாதீர்கள், பலகையை வெளியே சாய்த்துத் தட்டுங்கள். நான் ஒருமுறை ஊதி, பக்கத்தில் காய்ந்த வடாம் நீலமாகி வாங்கிக்கட்டிக்கொண்டேன். பொடி உதிராமல் பிடித்துவைக்கும் பிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை அதிகம் அடித்தால் நிறம் கறுக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் கண்ணாடி போட்டுவிடுங்கள், கண்ணாடி படத்தில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லி, இல்லையென்றால் கடல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.