ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாத்தேக்: மூன்று வாரச் செய்முறை

மலேசியாவில் அரசு ஊழியர்களுக்கு வியாழக்கிழமை என்றால் பாத்தேக் நாள், அதாவது மெழுகும் சாயமும் கொண்டு வடிவமிட்ட துணியில் தைத்த உடை அணியும் நாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் அதில் சேர்த்தி. அப்படி ஒரு வியாழனன்று, "டீச்சர், உங்க பாஜுவில (சட்டையில) இந்த வெள்ளைக் கோட்டை எப்படி வரைஞ்சாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதை யாரும் வெள்ளையால் வரையவில்லை, சாயம் ஏறாமல் மெழுகு காத்த இடம் அது என்றேன். நம்பவில்லை. பிள்ளைகளுக்கு இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைவேலைதான். அதனால் முதல் வாரம் துணியைத் தொடவே வேண்டாம்.

முதல் வாரம்: தாளும் மெழுகுவர்த்தியும்

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். மேலே மஞ்சள் நீர்வண்ணம் பூசினால், மறைந்திருந்த கோடு வெள்ளையாகத் தெரியும். காய்ந்ததும் மீண்டும் மெழுகால் வரைந்து நீலம் பூசட்டும். இப்போது வெள்ளை, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். ஜாவாவின் பழைய பாத்தேக் இப்படித்தான் மெழுகிட்டு, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகிட்டு வளர்கிறது. மலேசியாவின் கிளந்தான், திரங்கானு மாநிலக் கைவினைஞர்கள் பெரும்பாலும் மெழுகால் கோடு மட்டும் இழுத்து, உள்ளே தூரிகையால் வண்ணம் நிரப்புகிறார்கள். ஒரே ஒரு முறை மெழுகிட்டால் போதும் என்பதால் வகுப்புக்கு இதுவே தோது.

அதே வாரம் 30 செ.மீ. சதுரத்தில் வடிவம் வரையட்டும். ஒரு பெரிய செம்பருத்தி, இரண்டு இலை போதும். ஒவ்வொரு இதழின் கோடும் எங்கும் விடுபடாமல் மூடியிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம்: மெழுகு

மெல்லிய பருத்தித் துணி வாங்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம், சாயம் பிடிக்காது. கஞ்சி போகத் துவைத்து, காயவைத்து, வடிவத்தைப் பென்சிலால் படியெடுத்து, மரச்சட்டத்தில் தொய்வில்லாமல் இழுத்துப் பொருத்துங்கள்.

தேன்மெழுகும் பாரஃபினும் (மெழுகுவர்த்தி மெழுகு) சரிபாதி எடுத்துக்கொள்ளுங்கள். பாரஃபின் மட்டும் என்றால் துணியை மடக்கும்போது வெடித்து, சாயம் உள்ளே புகுந்துவிடும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுப் பாத்திரம் இருக்கட்டும். மின் அடுப்பே நல்லது. மெழுகில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி, மின்சாரத்தை நிறுத்துங்கள். மூடியை முன்பே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு இழுக்கும் கருவி சாந்திங்: மரப்பிடி, சிறிய செம்புக் கிண்ணம், முனையில் மெல்லிய குழாய். கிண்ணத்தில் பாதிக்குமேல் மொள்ள வேண்டாம். மொண்டதும் குழாயின் கீழே ஒரு பழந்துணியைப் பிடித்துக்கொண்டே துணிவரை வர வேண்டும், இல்லையென்றால் வழியெல்லாம் சொட்டும். எழுதும் வேகத்தில் கை நகர வேண்டும்; யோசித்து நின்றால் குளம் கட்டிவிடும். குழாய் அடைத்தால் மெல்லிய கம்பியால் குத்துங்கள்.

ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் அடுப்பருகே விடமாட்டேன். மற்றவர்கள் தாளில், காலி சாந்திங்கால் கோடு பழகட்டும்.

முடிந்ததும் துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். மெழுகு ஊடுருவிய இடம் எண்ணெய்க் கறைபோலத் தெளிவாகத் தெரியும். வெள்ளையாக மேலேயே படிந்திருந்தால் மெழுகு சூடு போதவில்லை. அந்த இடத்தில் பின்பக்கமும் ஒரு கோடு இழுங்கள்.

மூன்றாம் வாரம்: சாயம்

ரெமசோல் வகைச் சாயத்தூளை நீங்களே முகக்கவசம் அணிந்து முன்கூட்டியே கரைத்து வையுங்கள். தூள் மூச்சில் போகக் கூடாது. பிள்ளைகளுக்குக் கையுறை, பழைய சட்டை.

தூரிகையில் குறைவாகச் சாயம் எடுத்து இதழின் நடுவில் வைத்தால் போதும், அதுவே பரவி மெழுகுக் கோட்டில் நிற்கும். முதலில் இதழைத் தண்ணீரால் ஈரமாக்கினால் அடர்த்தியிலிருந்து வெளிர்வரை நிறம் தானாக இறங்கும். இதைப் பார்க்கும்போதுதான் வகுப்பு வாய்மூடி நிற்கும். கோட்டில் இடைவெளி இருந்தால் சாயம் கசியும். ஒரு பையனின் இலைப்பச்சை பூவுக்குள் ஓடிவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்தவன் "இது மொட்டு டீச்சர்" என்று சொல்லி நகர்ந்துவிட்டான். சரிதான்.

இனி எல்லாம் ஆசிரியர் வேலை. சாயம் துணியில் நிலைக்க, காய்ந்த துணியின்மேல் சோடியம் சிலிகேட் பூசி ஓர் இரவு விடுங்கள். அது காரம், கையுறை கட்டாயம். மறுநாள் நன்றாக அலசி, கொதிநீரில் சிறிது சோடாச் சாம்பல் போட்டுத் துணியை அமிழ்த்திக் கிளறினால் மெழுகு மேலே மிதக்கும். துணியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள்.

அந்தக் கொதிநீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறியதும் மெழுகு ஏடுபோல் உறையும். எடுத்து ஈரமில்லாமல் காயவைத்துக்கொண்டால் அடுத்த வகுப்புக்கு ஆகும்.