எட்டு இசைத்தட்டுகளில் ஆங்கிலம்: என் அனுபவம்

ஆங்கிலத்தில் ஓரளவு மேலே வந்தபிறகு எனக்கிருந்த சிக்கல் கடினமான சொற்கள் இல்லை. நாவல், செய்தி எல்லாம் புரியும். ஆனால் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் பழைய கதை பேச ஆரம்பித்தால் பாதி பிடிபடாது.

இதைச் சரிசெய்தது பிபிசி வானொலியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’. 1942இல் தொடங்கிய நிகழ்ச்சி. தனித்தீவில் மாட்டிக்கொண்டால் எந்த எட்டு இசைத்தட்டுகள் வேண்டும் என்று விருந்தினரைக் கேட்பார்கள்; அந்தச் சாக்கில் வாழ்க்கைக் கதையே வந்துவிடும். பழைய பதிவுகள் ஏராளமாக இணையத்தில் இருக்கின்றன.

விருந்தினர்களைத் தலைமுறை வாரியாகப் பிரித்துக் கேட்டேன். 1930களிலும் 40களிலும் பிறந்தவர்களிடம் அதே விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும்: ரேஷன் புத்தகம், கட்டாய ராணுவ சேவை, ‘இலெவன் ப்ளஸ்’. 11 வயதில் எழுதும் தேர்வு என்று அகராதி முடித்துவிடும். தேறினால் கிராமர் ஸ்கூல், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு வழி. தேறாவிட்டால் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி, பலருக்கு 15 வயதிலேயே வேலை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். வயதானவர்களுக்குக்கூட அதைச் சொல்லும்போது ஏன் குரல் மாறுகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் நோட்டில் அர்த்தம் எழுதுவதையே விட்டுவிட்டேன். எந்த ஆண்டு, யாருக்கு, சந்தோஷமா வருத்தமா, அவ்வளவுதான். இனிப்புக்கான ரேஷன் 1953இல் நீங்கியது என்று குறித்துவைத்த பிறகு, மிட்டாய்க்கடைப் பேச்சு வரும்போதெல்லாம் தேடாமலே புரிந்தது. சொற்பட்டியல் செயலிகள் இந்த நிலையில் பெரிதாக உதவாது என்பது என் கருத்து. இப்போது 1960களில் பிறந்தவர்களுக்கு வந்திருக்கிறேன். அங்கே 1984 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அடிக்கடி வருகிறது.