குளத்துப் பறவைகளை எண்ணப் பழகுவது எப்படி?

கோவை சிங்காநல்லூர் குளத்தில் நான் முதன்முதலாக எண்ணிய காலை, ஒன்று, இரண்டு என்று நாற்பதைத் தாண்டியிருப்பேன். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்தது. நாமக்கோழிகள் மொத்தமும் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடி எழும்பி, எதிர்ப்பக்கம் போய் இறங்கிவிட்டன. ஒவ்வொன்றாக எண்ணினால் நேரம் போதாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்கழி, தை மாதங்களில் தொடங்குங்கள். வலசை வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் அப்போது நம் பக்கம் இருக்கும். 8 மடங்கு காட்டும் பைனாகுலர், நோட்டு, பென்சில் போதும்.

காலை ஏழு மணி வாக்கில் கிழக்குக் கரையில் நில்லுங்கள். வெயில் முதுகில் விழ வேண்டும். வெயிலைப் பார்த்து நின்றால் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும்.

அடுத்து, குளத்தைப் பங்கு போடுங்கள். மதகிலிருந்து பனைமரம் வரை ஒரு பங்கு, பனையிலிருந்து மின்கம்பம் வரை இன்னொன்று. ஒரே திசையில் எண்ணிக்கொண்டு போக வேண்டும். எண்ணி முடித்த பக்கத்திலிருந்து பறந்து வந்து முன்னால் இறங்கியவற்றை மறுபடி சேர்க்கக் கூடாது.

இனம் பிரிப்பதில் பதற்றம் வேண்டாம். கறுப்பு உடம்பு, வெள்ளை அலகு, வெள்ளை நெற்றி என்றால் நாமக்கோழி. நெற்றி சிவந்து, அலகு நுனி மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. இந்த இரண்டும் பிடிபட்டாலே பாதி குழப்பம் தீரும்.

சரி, கூட்டத்தை எண்ணுவது எப்படி? பத்துப் பறவைகளை மட்டும் சரியாக எண்ணுங்கள். அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று கண்ணில் பதிய வையுங்கள். அதே அளவு இடம் கூட்டத்துக்குள் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். 23 முறை என்றால் சுமார் 230. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனியாகப் பத்து எடுப்பது நல்லது. வீட்டிலேயே பழகலாம். ஒரு பிடி கொள்ளுப் பயறை முறத்தில் கொட்டிப் பரப்பி, பத்துப் பத்தாகக் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். நான் ஒரு வாரம் தினமும் செய்தேன். கண் தானாகவே நிதானத்துக்கு வந்தது.

முக்குளிப்பான் அடிக்கடி முங்கிவிடும். அதனால் சில நிமிட இடைவெளியில் மூன்று முறை எண்ணி, கிடைத்ததில் பெரிய எண்ணை எழுதுங்கள். நீலத் தாழைக்கோழி ஆகாயத்தாமரைக்குள் இருக்கும். இலை அசையும் இடத்தில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள், உள்ளே இருக்கும் என்று ஊகித்துச் சேர்க்காதீர்கள்.

தேதி, நேரம், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பதையும் குறியுங்கள். இனம் தெரியாவிட்டால் ‘அடையாளம் தெரியாத வாத்து 40’ என்றே எழுதலாம், அதில் தவறே இல்லை. எண்ணிக்கையை அன்றைக்கே, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. அதற்குள் கை பழகியிருந்தால், 2024ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளம் மாதிரி பெரிய குளத்துக்கும் தைரியமாகப் போகலாம்.