பழைய குட்டி ஃபோர் வீல் டிரைவ் வாங்கி, மேடு பள்ளத்துக்குத் தயார் செய்வது எப்படி?

காட்டுப் பாதை, சேறு, மணல், பாறை என்றதும் பலருக்கு ஆளுயர டயர் போட்ட பெரிய வண்டிதான் கண் முன் வரும். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். ஒரு டன் எடையுள்ள குட்டி வண்டி, இரண்டரை டன் வண்டி புதைகிற சேற்றில் மேலாகவே போய்விடும். அகலம் குறைவு என்பதால் இரண்டு மரங்களுக்கு நடுவில் நுழையும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளினால் வெளியே வந்துவிடும். எஞ்சின் சக்தி குறைவு என்பதால் ஆக்சில் உடைவதும் குறைவு. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

படி 1: எந்த வண்டி?

மூன்று கேள்விகள் கேளுங்கள். லோ ரேஞ்ச் கியர் இருக்கிறதா? ஏணி மாதிரியான தனிச் சேஸ், அதாவது பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம், இருக்கிறதா? உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

இந்த வகையில் முதலில் வருவது சுசுகியின் ஜிம்னி குடும்பம். 1970-ல் 359 சிசி எஞ்சினோடு தொடங்கிய கதை அது. பின்னால் வந்த எஸ்ஜே410, 1.3 லிட்டர் சாமுராய், அதே வழியில் வந்த ஜிப்ஸி, 1998 முதல் 2018 வரை தயாரான மூன்றாம் தலைமுறை ஜிம்னி எல்லாவற்றிலும் முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் கெட்டி ஆக்சில்தான். சாமுராய், ஜிப்ஸியில் லீஃப் ஸ்பிரிங். 1998-க்குப் பிறகான ஜிம்னியில் காயில் ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங் வண்டி முதுகை உலுக்கும். ஆனால் பழுது பார்க்க எளிது, எந்தப் பட்டறையிலும் புரிந்துகொள்வார்கள்.

1988-ல் வந்த முதல் விட்டாராவும் நல்ல தேர்வுதான். தனிச் சேஸ், லோ ரேஞ்ச் இரண்டும் உண்டு. முன் சக்கரங்கள் மட்டும் தனித்தனியாக ஆடும். 1977-ல் வந்த லாடா நீவாவுக்குத் தனிச் சேஸ் கிடையாது. ஆனாலும் எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும், நடு டிஃபரன்ஷியலை (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) பூட்டலாம், லோ ரேஞ்சும் உண்டு. அதனால் என் விதிக்கு அது ஒரு விலக்கு.

பார்க்க ஜீப் மாதிரி இருந்து லோ ரேஞ்ச் இல்லாத வண்டிகளிடம் ஏமாற வேண்டாம். லோ ரேஞ்சில் சக்கரம் ஏறக்குறைய பாதி வேகத்தில் சுற்றும், இழுவை இரட்டிப்பாகும். சின்ன எஞ்சினுக்கு அதுதான் உயிர்.

படி 2: வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வண்டி தேடுங்கள். அந்தப் பங்கு எங்கே போகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எஞ்சினுக்கு வழி உண்டு. பழைய எஞ்சினைப் பிரித்துக் கோர்க்கலாம், வேறு எஞ்சின் மாற்றலாம். சேஸ் இற்றுப்போனால் வண்டியே போச்சு. நான் முதலில் வாங்கிய வண்டி புதுப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. அடியிலும் கெட்டியாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். 'நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பின் சக்கரத்துக்கு மேலே சேஸ் வளையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் சும்மா அழுத்தினேன். பிஸ்கட்டில் இறங்குவதுபோல் உள்ளே போய்விட்டது. துருவின் மேலேயே பூச்சு அடித்திருக்கிறார்கள். வெல்டிங் செலவு, வண்டி விலையில் பாதியைத் தின்றது. அன்றிலிருந்து அடியில் புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு டார்ச், ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். சேஸைக் கோடி முதல் கோடி வரை லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டிங்' என்று பதில் சொல்லும். இற்றுப்போன இரும்பு 'டொப்' என்று செத்த ஒலி கொடுக்கும். ஸ்பிரிங் சேஸோடு சேரும் இடங்கள், பாடி உட்காரும் ரப்பர் மவுண்ட்களின் சுற்றுப்பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, இந்த மூன்றையும் விடாதீர்கள். கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் தகரம் போய்ப் பட்டி (ஓட்டையை அடைக்கும் பசை) வந்திருக்கிறது என்று அர்த்தம். பாடியில் பட்டி இருப்பதை மன்னிக்கலாம். சேஸில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது முன் ஆக்சில். சுசுகி வண்டிகளில் சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையான ஒரு பகுதி தெரியும். அங்கே கிரீஸும் எண்ணெயும் கலந்து கறுப்புக் கூழாக வழிந்தால் சீல் போயிருக்கிறது. இப்போது முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டுங்கள். ஆடினால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் மூட்டின் பேரிங். இரண்டுமே சரி செய்யக் கூடியவைதான். ஆனால் ஸ்டியரிங் ஓடும்போது திடீரென்று வெறிபிடித்ததுபோல் உதறுவதற்கு இந்தக் கிங்பின் ஆட்டம் முக்கியக் காரணம். விலை பேச நல்ல ஆயுதமும்கூட.

படி 3: நாலு சக்கரமும் உண்மையிலேயே இழுக்கிறதா?

தார் ரோட்டில் இதைச் சோதிக்க வேண்டாம். இந்தக் குட்டி வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டும். தாரில் சறுக்க இடமில்லாததால் அந்த வித்தியாசம் முழுக்க கியர்களில் முறுக்காக ஏறும்.

மண் தரைக்குப் போங்கள். ஃபோர்-ஹை (லோ ரேஞ்ச் இல்லாத ஃபோர் வீல்) போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். வண்டி இறுகி, முன் சக்கரம் தத்தித் தத்திப் போனால் சந்தோஷப்படுங்கள், வேலை செய்கிறது. எப்போதும்போல் வழுக்கிக்கொண்டு திரும்பினால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை. மூன்றாம் தலைமுறை ஜிம்னியில் இதற்குப் பெரும்பாலும் காரணம், சக்கரத்தை ஆக்சிலோடு பிணைக்கும், வேக்குவத்தில் இயங்கும் ஹப். குழாயிலோ சீலிலோ சின்னக் கசிவு போதும், ஹப் பூட்டாது. பலர் அதைக் கழற்றிவிட்டுக் கையால் திருகும் ஹப் லாக் போட்டுவிடுவார்கள். நானும் அதையே சொல்வேன்.

பிறகு ஃபோர்-லோ, முதல் கியர். ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள், சட்டென்று விடுங்கள். லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸின் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை. உள்ளே பல் தேய்ந்திருக்கலாம், அது பெரிய வேலை. எதுவென்று தெரியாத வரை பெரிய வேலை என்று வைத்தே விலை பேசுங்கள்.

படி 4: மாற்றுவதற்கு முன் பழையதைச் சரி செய்யுங்கள்

தனியாக எடுத்து வைத்த பணத்தின் முதல் செலவு இங்கேதான். இந்த வேலையில் படம் எடுத்துப் போடும்படி எதுவும் இருக்காது. அதனாலேயே எல்லோரும் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என ஐந்து இடத்திலும் எண்ணெய் மாற்றுங்கள். வடிக்கும்போது கவனியுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் போல்ட்டின் நுனியில் மாவு மாதிரி இரும்புத் தூள் இருந்தால் பரவாயில்லை. துண்டு துண்டாக வந்தால் திறந்து பார்க்க வேண்டியதுதான். பிரேக், ரேடியேட்டர், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவற்றையும் இதே சமயத்தில் முடித்துவிடுங்கள்.

செலவே இல்லாத ஒரு மாற்றமும் உண்டு. ஆக்சில் மேலே மூச்சுவிடும் சின்னத் துளை இருக்கும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அப்போது அது தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறையின் மேல் மூலை வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். வேலை முடிந்தது.

படி 5: டயர், அப்புறம் காற்று

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டயர் வாங்குங்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடி மட்டும்தான் மேலே போகும். பாறையில் முதலில் இடிப்பது ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. அதை உயர்த்த இந்த வண்டிகளில் டயரால்தான் முடியும்.

கணக்கைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ஜிம்னிக்குக் கம்பெனி டயர் 205/70 ஆர்15, அதாவது அகலம் 205 மி.மீ., ரிம் 15 அங்குலம். பக்கச் சுவர் 205-ல் 70 சதவீதம், அதாவது 143.5 மி.மீ. அதை இரட்டித்து ரிம்மின் 381 மி.மீ.யைச் சேர்த்தால் விட்டம் 668 மி.மீ. அதே கணக்கில் 215/75 ஆர்15 போட்டால் சுமார் 703 மி.மீ. வித்தியாசம் 35, அதில் பாதி, ஏறக்குறைய 18 மி.மீ., டிஃபரன்ஷியல் உயரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கல்லில் முட்டுவதற்கும் உரசாமல் தாண்டுவதற்கும் நடுவே உள்ள தூரம் பல நேரம் அவ்வளவுதான். இன்னும் ஒரு விஷயம், இந்த டயரில் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

235/75-க்குத் தாவ வேண்டாம். சக்கர வளைவில் உரசும், சின்ன எஞ்சின் திணறும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயரே தொடக்கத்துக்குப் போதும். மட் டயரின் ஊளையைத் தினமும் கேட்கத் தயாராக இருந்தால் உங்கள் இஷ்டம்.

அடுத்தது காற்று. ரோட்டில் 26 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் ஒரு டன் வண்டிக்குக் கல் பாதையில் 18, மணலில் 14 அல்லது 15 வைக்கலாம். டயர் தட்டையாகி நீளவாக்கில் தரையைப் பற்றும். கூர்க்கல்லை எதிர்க்காமல் அதன்மேல் மடிந்து ஏறும். 12-க்குக் கீழே போனால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. ரோட்டுக்குத் திரும்பும் முன் நிரப்பியாக வேண்டும். அதனால் நல்ல காற்றளவி ஒன்றும், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

படி 6: மாட்டிக்கொள்வீர்கள், தயாராக இருங்கள்

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சேஸோடு கனமான போல்ட்டால் பிணைத்த இழுவைக் கொக்கி வேண்டும். லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்த மெல்லிய வளையங்களை நம்ப வேண்டாம். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். அது உடைந்தால் குண்டு மாதிரிப் பறக்கும், உயிரே போகலாம். இழுக்கும்போது பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் தள்ளி நிற்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: இழுபடும் தன்மையுள்ள ரெக்கவரி கயிறு, 3.25 டன் என்று அச்சிட்ட இரண்டு ஷேக்கிள் (கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையம்), மண்வெட்டி, கையுறை, ஜாக்கியின் கீழே வைக்கத் தடித்த பலகை. வின்ச் (வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் இயந்திரம்) பிறகு பார்த்துக்கொள்ளலாம். வண்டியே லேசு என்பதால் மண்வெட்டியும் பொறுமையும் பாதி வேலையை முடித்துவிடும்.

படி 7: உயர்த்தத்தான் வேண்டுமென்றால்

5 செ.மீ.யோடு நிறுத்துங்கள். காயில் ஸ்பிரிங் ஜிம்னியை உயர்த்தினால் முன் ஆக்சிலின் சாய்வு மாறிவிடும், ரோட்டில் ஸ்டியரிங் மிதக்கும். அதைச் சரிக்கட்டத் தனிப் புஷ் போட வேண்டும். பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடிக்கும் கம்பி, வண்டி உயர்ந்ததும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பாருங்கள். டயருக்கும் உயரத்துக்கும் எந்த அளவு வரை அனுமதி என்பது நாட்டுக்கு நாடு வேறு. பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

படி 8: முதல் ஓட்டம்

தனியாகப் போக வேண்டாம், இன்னொரு வண்டியோடு போங்கள். குறுக்குப் பள்ளம் ஒன்றில் மெதுவாக இறங்குங்கள். ஒரு முன் சக்கரமும் எதிர்மூலைப் பின் சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால் வண்டி நின்றுவிடும். தொங்கும் இரண்டும் வெறுமனே சுற்றும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு விசையே தேவையில்லை, அதனால் தரையில் இருப்பதற்கும் எதுவும் போவதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக்கைக் கொஞ்சம் தொடுங்கள். சுற்றும் சக்கரத்துக்கு எதிர்ப்பு கிடைத்ததும் மற்றதும் இழுக்கத் தொடங்கும். இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கர் வாங்கும் முன் இதைப் பத்து முறையாவது செய்து பாருங்கள்.

வீடு திரும்பியதும் அடிப்பகுதியைக் கழுவுங்கள், சேஸின் துளைகளில் அடைந்த சேறு உட்பட. மறுநாள் காலையில் வீல் நட், ஸ்பிரிங் போல்ட், ஸ்டியரிங் இணைப்பு ஒவ்வொன்றிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு எனக்கு ஒரு ஸ்பிரிங் யு-போல்ட் முக்கால் சுற்று லூசாகியிருந்தது.