உபரிப் படைப்பொருளைப் போர் நடந்த நாட்டின் அரசுக்கே விற்கும் முறை

அயல்நாட்டில் போரிட்ட படை ஊர் திரும்பும்போது மிஞ்சும் லாரி, கூடாரம், தண்டவாளம், கிடங்கு ஆகியவற்றை விற்க முனைபவர் விலைக்கு முன்பே காலத்தைக் கணக்கிட வேண்டும். கப்பல் கூலி பொருளின் மதிப்பை விழுங்கிவிடும் என்பதும், கடைசிச் சிப்பாய் கிளம்பியபின் காவலுக்கு ஆளிருக்காது என்பதும் வாங்கும் அரசுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே காவலரும் கணக்கரும் களத்தில் இருக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். தாமதித்தால் அடிமாட்டு விலைதான்.

பட்டியல் தயாரிக்கும்போது ஆயுதம், வெடிபொருள், சங்கேதக் கருவி ஆகியவற்றை முதலிலேயே பிரித்துவிடுங்கள். மற்றவற்றைக் கிடங்குவாரியாக எழுத வேண்டும். ஏட்டில் 'ஓடும் நிலை' என்றிருக்கும் லாரியில் பேட்டரியும் மாற்றுச் சக்கரமும் கழற்றப்பட்டிருப்பது சாதாரணம். அதை அரசின் பொறியாளர் ஒருமுறை கண்டுவிட்டால் பட்டியல் முழுவதையும் சந்தேகிப்பார். ஒவ்வொரு கிடங்கிலும் சில வண்டிகளையாவது இரு தரப்பும் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே, 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையைச் சேர்ப்பது நல்லது.

தனி வியாபாரிகளுக்கு ஏலம் விட்டால் கூடுதல் பணம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் படைக்கென்று தீர்வையின்றி வந்த சரக்கு சந்தையில் இறங்கியதும் சுங்கத் துறை குறுக்கே வரும், உள்ளூர் உற்பத்தியாளர்களும் எதிர்ப்பார்கள். முதல் உலகப் போருக்குப் பின் எட்வின் பார்க்கர் தலைமையிலான அமெரிக்க ஆணையம், பிரான்சில் மிஞ்சியிருந்த கையிருப்பை 1919இல் அந்நாட்டு அரசுக்கே மொத்தமாக 40 கோடி டாலருக்கு விற்றது. மொத்த விற்பனையில் தீர்வை, நில வாடகை, சேத இழப்பீடு, கட்டடங்களை அகற்றும் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே உடன்படிக்கையில் தீர்த்துக்கொள்ளலாம் என்பதால், விலையில் சற்று விட்டுக்கொடுப்பது நட்டமாகாது என்பதே என் கருத்து.

அரசு வாங்க மறுத்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட பசிபிக் தீவுக்கூட்டமான நியூ ஹெப்ரிடீசின் (இன்றைய வனுவாட்டு) எஸ்பிரிட்டு சாண்டோ தீவில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேரம் படியாமல் போகவே, அமெரிக்கர்கள் லாரிகளையும் புல்டோசர்களையும் கடலில் தள்ளிவிட்டார்கள். மில்லியன் டாலர் பாயிண்ட் என்று பெயர்பெற்ற அந்த இடத்தில் விற்க வந்தவருக்குக் காசும் இல்லை, சும்மா கிடைக்கும் என்று காத்திருந்தவருக்குப் பொருளும் இல்லை.

போரால் நொடித்த அரசிடம் ரொக்கம் இருக்காது என்பதால், பணம் பெறும் வழிதான் பேச்சின் கடினமான பகுதி. 1919இல் பிரான்சு தந்தது 5 விழுக்காடு வட்டியுடன் கூடிய பத்தாண்டுப் பத்திரங்களை. 1929இல் தவணை நெருங்கியபோது அந்தக் கடன் பிரான்சின் பொதுவான போர்க்கடன் உடன்படிக்கைக்குள் சேர்க்கப்பட்டது. இன்னொரு வழி, உள்ளூர் நாணயத்தில் பெற்று அங்கேயே செலவிடுவது. உபரி விற்பனைப் பணத்தை மாணவர், அறிஞர் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்த இடமளித்த அமெரிக்காவின் ஃபுல்பிரைட் சட்டம் 1946 ஆகஸ்ட் 1 அன்று இயற்றப்பட்டது. அதன்கீழ் முதல் ஒப்பந்தம் 1947 நவம்பரில் சீனாவுடன் கையெழுத்தானது. இவ்வழியைத் தேர்ந்தால், எந்த நாளின் மாற்று விகிதம் பொருந்தும், ஆண்டுக்கு எவ்வளவு தொகை எடுக்கலாம், அது எதற்குச் செலவாகும் என்பவற்றை, பொருளை ஒப்படைக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.