தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் வன்னிப் பங்குகளுக்கு வரும் கத்தோலிக்கச் சுவாமிமாருக்கு

சுற்றுலா விசாவில் வந்து பணி செய்ய முடியாது. வதிவிட விசா அலுவலை மறைமாவட்டம் ஊடாகப் புறப்படுமுன்பே தொடங்குங்கள். வவுனியாவும் மடுவும் 1981 இல் உருவான மன்னார் மறைமாவட்டம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணம். எந்த ஆயருக்குக் கீழ் வருகிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மொழி ஒன்றுதானே என்று நினைத்தால் நாட்காட்டியிலேயே தடுக்கும். இங்கே தமிழ் மாதப் பெயரை ஆங்கில மாதத்துக்கே சொல்வோம். மடுமாதாவின் ஆடித் திருவிழா யூலை 2, ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. குறிப்பேட்டில் ‘கார்த்திகை 2’ என்றிருந்தால் அது நவம்பர் 2, இறந்தோர் நாள். உங்கள் கணக்கில் வாசித்தால் இரண்டு கிழமைக்கு மேல் பிந்திவிடும். ‘சுவாமி எனக்குப் பேசிப்போட்டார்’ என்றால் ஏசிவிட்டார் என்று பொருள்; உரையாடுவதற்கு ‘கதைக்கிறது’. கலியாணம் கேட்டு வருபவர்களிடம் ‘எழுத்து முடிஞ்சுதா?’ என்று கேளுங்கள். அது பதிவுத் திருமணம்.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது பூசைக் கருத்து, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை எழுதும் இடம். போர் முடிந்த 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் பெயரைக் கொண்டுவரும் தாயிடம், இறந்தோர் பட்டியலில் சேர்க்கவா என்று கேட்காதீர்கள். ‘என்ன கருத்துக்கு, அம்மா?’ என்று மட்டும் கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கேட்டது பதில்; நினைவுப் பூசை அல்ல. புதிய சுவாமிமார் பெரும்பாலும் பிழைவிடுவது பழைய கொப்பியில் உள்ள பெயர்களை நவம்பர் பட்டியலுக்கு அப்படியே மாற்றும்போதுதான். காணாமல் ஆக்கப்பட்டோருக்குத் தனிப் பக்கம் வையுங்கள். அந்தப் பெயர்களோடு, இறந்தோருக்குச் சொல்லும் ‘ஆன்ம இளைப்பாற்றி’ என்பதை வாசிக்காதீர்கள். ஒரே வீட்டில் மனைவி ‘செத்துப்போனார்’ என்பார், தாய் ‘வருவான்’ என்பார். இருவரையும் தனித்தனியே கேளுங்கள், யாரையும் திருத்த வேண்டாம்.

அந்த மனைவி மறுமணம் கேட்டு வந்தால் அவசரப்படாதீர்கள். எத்தனை ஆண்டு காணாமல் இருந்தாலும் அதுமட்டும் போதாது. திருச்சபைச் சட்டம் 1707 இன்படி, விசாரித்து, இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று அறிவிக்க வேண்டியவர் ஆயர். 2016 சட்டத்தின் பின் அரசு தரும் காணாமற்போனமைச் சான்றிதழ் மரணச் சான்றிதழ் ஆகாது. இவர்கள் ஏற்கெனவே பல கதவு தட்டிக் களைத்தவர்கள். கோப்பை நீங்களே எடுத்துக்கொண்டு ஆயரகத்துக்குப் போங்கள்.

ஞானஸ்நானப் பதிவேடு இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பிணக்கு எதுவும் இல்லையென்றால் நம்பத்தகுந்த ஒரு சாட்சியே போதும் என்கிறது சட்டம் 876. ஞானத்தாயோ தாய்மாமனோ இப்போது கனடாவில் இருக்கலாம். தொலைபேசியில் விசாரித்து, கையொப்பமிட்ட கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

மே 18 ஐ அண்டிய நாட்களில் கலியாணமோ விளையாட்டுப் போட்டியோ வைக்க வேண்டாம். அது போரின் கடைசி நாட்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சும் கிழமை. காலபோக (மாரிகால) நெல் அறுவடை நடக்கும் தை, மாசியில் கிழமைநாள் பூசைக்கு ஆக்கள் குறைவார்கள், அதைச் சொல்லிப் பிரசங்கத்தில் ஏச வேண்டாம். காட்டோரத் துணை ஆலயங்களில் மாலைப் பூசையை இருட்டமுன் முடித்துவிடுங்கள். சனம் யானை வரும் வழியால்தான் வீடு திரும்ப வேண்டும்.